ரத்தத்தில் கொழுப்புத் திருடும் கிருமி

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் வெட்டிய பெரியவர்களிடம் குளிர் காய்ச்சல் என்றால் போதும், கொய்னாவின் கசப்பு இன்னும் நாக்கில் இருப்பதாகச் சொல்வார்கள். மலேரியாக் கொசு நம் மலையடிவாரத் தோட்டங்களில் சாக்கடையில் பிறக்கவில்லை. வெயில் படும் தெளிந்த ஓடையில் பிறந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஆள் போட்டு ஓடையெல்லாம் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலத்தின் கீழ் கொசுப்புழு மூச்சு முட்டிச் செத்தது.

வேடிக்கை என்னவென்றால், கொசு சுமக்கும் கிருமிக்கும் எண்ணெய்ப் பசை இல்லாமல் பிழைப்பில்லை.

கொசு கடித்ததும் கிருமி முதலில் நம் ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் மேல்தோல் வேண்டுமே! அந்தத் தோலுக்கு முக்கியச் சரக்கு கொழுப்பு. ஈரலில் இருக்கும்வரை கொழுப்பில் ஒரு பங்கைத் தானே தயாரிக்கிறது. அதற்கென்று உள்ளே ஒரு சின்னப் பட்டறை உண்டு. அது ஆதியில் பாசி இனத்திலிருந்து வந்ததாம். பிறகு ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் நுழைகிறது. சிவப்பணுவுக்குக் கொழுப்புச் செய்யத் தெரியாது. ஆகவே கிருமி வெளியே ரத்தத்தில் ஓடும் நம் கொழுப்பை உள்ளே இழுத்து, குஞ்சுகளுக்குத் தோல் தைக்கிறது. அணு வெடித்துக் குஞ்சுகள் வெளிவரும்போதுதான் நமக்கு நடுக்கம்.

"அப்படீன்னா எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திட்டா போதாதா?" போதாது. நாம் பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் கொழுப்பு ஓடும், இளைப்பது நாம்தான். கிருமியோ கெட்டிக்காரன். கொடிய வகை மலேரியாக் கிருமி, ஒரு வகைக் கொழுப்பு குறைந்தால், கொசு வழியே வேறு ஆளுக்குத் தாவும் உருவத்துக்கு அதிகமாக மாறுகிறது என்று 2017-ல் கண்டார்கள். சோறு தீர்ந்த வீட்டில் மூட்டை கட்டுகிற மாதிரி!

2018-ல் நம் நாட்டில் மனித மலேரியா உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றியதாகப் பதிவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. சரவாக், காப்பிட்டில் பலருக்கு அது தொற்றியிருப்பதை 2004-ல் டாக்டர் பல்பீர் சிங் குழுவினர் காட்டினார்கள். தீபகற்பத்திலும் காட்டோரத்தில் வேலை செய்வோருக்கு வருகிறது. மற்ற வகைகள் ஒரு சுற்றுப் பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுக்கும். இதற்கு 24 மணி நேரமே போதும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று பனடோல் போட்டுப் படுத்தால், விடிவதற்குள் கிருமி பல மடங்கு.

செம்பனைக் காட்டோரம் போய்வந்து காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் காய்ச்சலை மட்டும் சொல்லாதீர்கள். எங்கே வேலை செய்தோம், குரங்கு நடமாட்டம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க அதுதான் டாக்டருக்குத் துப்பு.