குதிரைக்குட்டி மேல் ஏறும் முன்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்க வருபவர்களில் ஆசைக்காக வாங்குபவர்களும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடமும் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். குதிரை பழக்கிய அனுபவம் இருக்காது. சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், கத்தியவார் குதிரையின் காது நுனி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். சுழி சுத்தமா என்று நாலு பேரிடம் விசாரித்தவர், வயதை மட்டும் விற்பவர் சொன்னபடியே ஏற்றுக்கொள்கிறார். சில வாரங்களில் குட்டியின் முதுகில் சேணம் ஏறுகிறது, சேணத்தின் மேல் அவரும் ஏறுகிறார். குதிரைக்கும் மனிதனுக்கும் நேரும் பெரும்பாலான கேடுகள் இந்த அவசரத்தில் தொடங்குகின்றன.

வயதைப் பல் சொல்லும். குதிரைக்கு முன்பற்களின் நடு ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். முன்பற்கள் எல்லாமே பால்பல்லாக இருந்தால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் அது மூன்று வயதுக் குதிரை அல்ல. சந்தையிலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி வயதை எழுதி வாங்கிவிடுங்கள். கால்களைத் தடவிப் பார்க்கவும், கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்க்கவும் அவரிடமே கேளுங்கள். வலி ஊசி போட்டால் நொண்டல் சில நாள் மறையும் என்பதால், சந்தேகம் இருந்தால் இரத்தமும் எடுத்து வைக்கலாம்.

வெளி மாநிலத்திலிருந்து வந்த குதிரை என்றால் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் உயிர்க்கொல்லி நோய் அது. ஹரியாணாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அதற்கான பரிசோதனையைச் செய்கிறது. லாரியில் ஏற்றுவதற்கும், குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று கூடவே இருக்க வேண்டும் என்கின்றன 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள்.

அடுத்தது, கேட்க வேண்டிய ஒரு கேள்வி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எடுத்துக்காட்டுக்குப் பல இடங்களில் குதிரையைத்தான் பிடித்திருக்கிறார்கள். மோசடியை விளக்கும் 17-ஆம் பிரிவில் வரும் குதிரைக்கு ஏதோ குறை இருக்கிறது. விற்பவருக்கு அது தெரியும்; வாயே திறக்காமல் ஏலத்தில் விற்றுவிடுகிறார். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே பிரிவில் இன்னொரு எடுத்துக்காட்டு: வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்” என்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அங்கே அவருடைய மௌனம் பேச்சுக்குச் சமம் ஆகிவிடுகிறது.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் இந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு பெரிது. தரகர் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். உதைக்குமா, கடிக்குமா, இதுவரை யாராவது ஏறியிருக்கிறார்களா, வயிற்றுவலி வந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை விலை எழுதிய தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்காக மருத்துவரைக் கூப்பிடாமல் இருந்துவிடக் கூடாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை என்றால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க 19-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது? குதிரை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், மறுவிற்பனைக்கோ வாடகைச் சவாரிக்கோ அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தை நாடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அந்தியூரில் வாங்கிய மதுரைக்காரர் ஈரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. தன் வீட்டுக் குதிரையை விற்ற விவசாயியின் மீது இந்த வழி செல்லாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

குட்டி வீட்டுக்கு வந்தபின் சட்டம் உங்களையும் பார்க்கத் தொடங்குகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், அளவுக்கு மீறிச் சவாரி செய்வதைக் குற்றம் என்கிறது. வயதின் காரணமாக ஒரு வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை அந்த வேலையில் ஈடுபடுத்துவதும் அதே பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகை இன்னும் மாறாமல் இருப்பது வெட்கக்கேடு. ஆனால் அபராதம் சிறியது என்பதால் குட்டிக்கு நேரும் சேதம் சிறியதாகிவிடாது.

குதிரையின் எலும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு ஏறக்குறைய இரண்டரை வயதில் மூடுகிறது. நாம் உட்காரும் முதுகெலும்பின் தட்டுகள் மூட ஐந்தரை, ஆறு வயது ஆகிவிடுகிறது. அதற்காக ஆறு வயது வரை தொடாமலே வைத்திருக்க வேண்டும் என்று பொருள் அல்ல; அளவான அசைவு இளம் எலும்பை உறுதியாக்கும். மூன்று வயது முடிந்தபின் லேசாகத் தொடங்கி, நாலு வயது வரை நடையும் கொஞ்சம் ஓட்டமும் போதும் என்பதே என் கருத்து. இரண்டு வயதுக் குட்டியின் மேல் மாப்பிள்ளையை ஏற்றிப் பட்டாசுக்கு நடுவே ஊர்வலம் விடுவதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன்.

எடையையும் கணக்குப் பாருங்கள். வளர்ந்த குதிரையின் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 155, நீளம் 145 என்றால் சுமார் 293 கிலோ. சேணமும் சேர்ந்த மொத்தச் சுமை அதில் 20 விழுக்காட்டுக்குள், அதாவது 58 கிலோவுக்குள் இருப்பது நல்லது. ஒஹாயோவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில் 25 விழுக்காட்டைத் தொட்டதுமே குதிரைகளிடம் சிரமம் தெரியத் தொடங்கியது. குட்டிக்கு இன்னும் குறைவாக வையுங்கள். உங்கள் எடை 75 கிலோ என்றால், ஆசை எவ்வளவு இருந்தாலும், முதலில் ஏற வேண்டியவர் நீங்கள் அல்ல; அனுபவமுள்ள, எடை குறைந்த வேறொருவர்.

ஏறுவதற்கு முன் தரையில் நடக்க வேண்டிய வேலைதான் பழக்குதலின் பெரும்பகுதி. தலைக்கயிற்றோடு நிற்பது, நடப்பது, நில் என்றால் நிற்பது, நாலு கால் குளம்பையும் தூக்கத் தருவது, பைக் சத்தத்துக்கும் காற்றில் படபடக்கும் சாக்குக்கும் மிரளாமல் இருப்பது. இவை வராத குட்டிக்குச் சேணம் தேவையில்லை. கயிற்றில் வட்டமாக ஓடவிடுவது மூட்டுக்குப் பளு என்பதால் பத்து, பதினைந்து நிமிடம் போதும். இரண்டு பக்கமும் மாற்றி ஓட்டுங்கள். சேணத்தை முகரவிட்டு, வெறுமனே முதுகில் வைத்து எடுத்து, வாரைச் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து நிற்க, இன்னொருவர் குப்புறப் படுத்தபடி எடையைப் பழக்கலாம். அது அமைதியாக ஏற்ற பிறகே உட்காருவது. முதல் சவாரி வேலி அடைத்த, மிருதுவான, சமதரையில் பத்து நிமிடம், நடை மட்டும். தார்ச்சாலையில் அல்ல. தனியாக ஒருபோதும் வேண்டாம்.

காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலைச் சுழற்றி அடிப்பது, வார் இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, தலையை உதறுவது: இவற்றைத் திமிர் என்று சொல்லிச் சாட்டை எடுப்பவர்கள் உண்டு. முதுகுப் புண்ணாகவோ பல் தொல்லையாகவோ இருக்கலாம். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சிறு பல் ஒன்று இருக்கும். கடிவாளம் அதில் இடித்தால் வலிக்கும். கடிவாளம் போடும் முன்பே வாயைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். முள் வைத்த கடிவாளத்தை, வண்டி மற்றும் பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகத் தடை செய்கின்றன. சவாரிக்கும் அது பொருந்தும். சந்தைக் கடையில் தொங்குகிறது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. வேலையில்லாத நாளில் கொள்ளைக் குறைத்துவிடுங்கள். கட்டியே போட்டு நிறையத் தீனி கொடுத்த குதிரையைத் திடீரென ஓட்டினால் தசைகள் இறுகி, நகர முடியாமல் நின்றுவிடும்.

உங்கள் உடம்புக்கு வருவோம். குதிரைச் சவாரிக்கென்றே செய்த தலைக்கவசம் வாங்குங்கள், ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற தரக்குறி இருக்கட்டும். ஒருமுறை பலமாக விழுந்து அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும். அங்கவடிக்குள் கால் முழுதாக நுழைந்து சிக்காதபடி குதிகால் உள்ள காலணி போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பில் கட்டாதீர்கள். மண்டையில் அடிபட்டால் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசி உங்களுக்கும் வேண்டும், குதிரைக்கும் கட்டாயம் வேண்டும். குதிரை அந்த நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் விலங்கு. குதிரைக்கு அவசரம் என்றால் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் “ஆபத்தான விளையாட்டு” என்று சொல்லிக் கைவிரித்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மருத்துவக் காப்பீடுகளில் வரும் பொதுவான விலக்கு வாசகம், அத்தகைய விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவரைத்தான் குறிக்கிறது. வீட்டுக் குதிரையில் ஏறி விழுந்தவர் அதில் வரமாட்டார். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் பலன் இல்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பழக்குபவரிடம் குட்டியை ஒப்படைக்கும்போதும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மாதம், யார் ஏறுவார், எந்தக் கடிவாளம், நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது. ஒப்படைத்த பொருளைக் கவனமாகக் காக்கும் கடமையை ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு அவர்மேல் சுமத்துகிறது. 154-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலும் குதிரைதான்: தன் சவாரிக்கு மட்டும் என்று வாங்கிப் போனவர் வீட்டாள் ஒருவரை ஏறவிடுகிறார். ஏறியவர் கவனமாகவே ஓட்டியும் குதிரை விழுந்து அடிபடுகிறது. இழப்பீடு தர வேண்டியவர் வாங்கிப் போனவர். உங்கள் குட்டியின் மேல் பழக்குபவர் தன் நண்பர்களை ஏற்றிப் படமெடுத்து விளையாடினால் இந்தப் பிரிவு நினைவிருக்கட்டும்.

உங்களுக்கும் இதே அளவு கடமை உண்டு. குதிரை முரடு என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, அது மிரண்டோடி ஏறியவரைத் தள்ளிவிட்டால், கொடுத்தவரே பொறுப்பு என்கிறது 150-ஆம் பிரிவு. அவிழ்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடும் குதிரையைக் கவனமில்லாமல் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றமாகலாம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே பழக்குபவரிடமோ, ஒரு மாலை சவாரி கேட்டு வரும் நண்பரிடமோ, நாளை வாங்க வருபவரிடமோ, குட்டி எதற்கு மிரளும், எந்தப் பக்கம் உதைக்கும், எந்தக் கால் முன்பு நொண்டியது என்பதை முதலிலேயே சொல்லி, சந்தையில் நீங்கள் வாங்கியதைப் போலவே கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.