"வீட்டில் போன் இருக்கிறதா?"

ஆறாம் வகுப்பில் ஒருநாள், "வீட்டில் போன் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். ஒரு கைகூட உயரவில்லை. மகிழ்ச்சியோடு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பத் தொடங்கினேன். தொகுப்பு வீடுகளிலிருந்து வரும் ஒன்பது பிள்ளைகளில் ஆறு பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நாற்பது பேர் முன்னிலையில் "இல்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? நான் கேட்ட விதம் தவறு.

அந்தச் சனிக்கிழமை மாலை அச்சரப்பாக்கம் ஒன்றியத்தில் உள்ள அந்தக் குடியிருப்புக்குப் போனேன். முதல் வீட்டில் போன் உண்டு. ஆனால் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறார். அடுத்த வீட்டில் போன் அலமாரியில் கிடந்தது. ரீசார்ஜ் முடிந்து பத்து நாள். மூன்றாவது வீட்டில் இரண்டும் உண்டு, கான்கிரீட் அறைக்குள் சிக்னல் இல்லை. அந்த மாணவி தெருவிளக்கின் கீழ் நின்று படிக்கிறாள், அதுவும் ஏழு மணி வரைதான்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல. ஊரகப் பிள்ளைகளைப் பற்றிய 2021 அசர் அறிக்கையின்படி, நாட்டில் 67.6 விழுக்காட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 விழுக்காட்டினருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வீட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. போன் வெளியே போகும் வீட்டுக்கு, அன்றன்றே முடிக்கச் சொல்லாமல் வெள்ளி மாலை அனுப்பித் திங்கள் கேட்டால் போதும். அண்ணனுக்கு ஞாயிறு விடுமுறை.

ரீசார்ஜ்தான் கடினம். 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். தினக்கூலி வீட்டில் அது அரிசிக்குப் பின்னால்தான் வரும். ஆகவே டேட்டா செலவைப் பள்ளியின் பக்கம் மாற்றினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரைப் போனையும் கொண்டுவரச் சொல்லி, பள்ளி இணைப்பிலேயே திக்‌ஷா செயலியில் அந்த மாதப் பாடங்களைத் தரவிறக்கிக் கொடுத்தோம். பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம். குழுவில் வீடியோ அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். இரண்டு நிமிடக் குரல் பதிவுக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டாவே வேண்டாம், ஆனால் அதனிடம் பிள்ளை கேள்வி கேட்க முடியாது.

சிக்னல் பிரச்சினைக்கு ஆசிரியரால் தனியாக ஒன்றும் செய்ய இயலாது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பழைய எஸ்.டி.டி. பூத் போன்ற ஏற்பாடு அது. கடைக்காரர் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு எடுத்து, வைஃபை கருவி பொருத்தி, சிறு தொகைக்கு இணையம் விற்கலாம். உரிமமும் வேண்டாம், உரிமக் கட்டணமும் இல்லை. குடியிருப்பு முனையில் உள்ள டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "மாசம் எவ்வளவு தேறும் சார்?" என்றார். நியாயமான கேள்விதான். டீக்கடை வாசலில் மாலையில் பெண்பிள்ளைகள் நிற்க முடியுமா என்பது என் கேள்வி.

கேரளத்தில் அரசே இதைக் கையில் எடுத்தது. 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தின் இலக்கு 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு. அதற்கு முன்பே, 2019-இல், விடுதியில் போன் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

நம்மிடம் உள்ள வழி ஊராட்சி அலுவலகம். பாரத்நெட் திட்டத்தின் நோக்கமே ஊராட்சி வரை கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுவருவதுதான். தமிழ்நாட்டில் அந்தப் பணி டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு. அலுவலகத்தை ஒட்டிய நூலகத்தில் மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகளுக்கு வைஃபை தரலாமே என்று பெற்றோரிடம் சொன்னேன். தெருவிளக்கின் கீழ் படிக்கும் மாணவியின் அம்மாதான் முதலில் எழுந்தார். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டிய மனுவில் இதுவரை பதினேழு கையெழுத்துகள் சேர்ந்திருக்கின்றன.