வெளிநாட்டுச் சம்பந்தமும் விசாவும்

யாழ். குடாநாட்டில் பேசப்படும் சம்பந்தங்களில் கணிசமானவை கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி எனக் கடல்கடந்த நாடுகளோடு தொடர்புடையவை. சாதகப் பொருத்தத்தையும் சீதனத்தையும் நுணுகி ஆராயும் பெற்றோர், அந்நாடுகளின் குடிவரவுச் சட்டத்தை அந்தளவுக்கு ஆராய்வதில்லை. கலியாணம் முடிந்த பின்னரும் கணவன் ஒரு தேசத்திலும் மனைவி இன்னொரு தேசத்திலுமாகக் காலம் கழிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முதலில் கவனிக்க வேண்டியது பதிவு. கோயிலில் தாலி கட்டிய திருமணமோ, நிக்காஹ் செய்த திருமணமோ பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் இலங்கையில் செல்லாததாகிவிடாது. ஆனால், விசா அதிகாரி கேட்பது பதிவுச் சான்றிதழையே. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஒருவர் வேற்று மதத்தவராயின் பொதுச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்ய வேண்டும்.

தொலைபேசி வழியாகவோ பிரதிநிதி மூலமாகவோ செய்யப்படும் திருமணங்களைப் பொறுத்தவரை கூடுதல் அவதானம் தேவை. 2015 ஜூன் 11 முதல், மணமக்கள் இருவரும் நேரில் சமுகமளிக்காத திருமணத்தைக் கொண்டு வாழ்க்கைத்துணையை அழைப்பதற்குக் கனடா பொதுவாக இடமளிப்பதில்லை. மார்க்கப்படி நிறைவேறிய நிக்காஹ்வாயினும் இந்த விதியிலிருந்து அதற்கு விலக்கில்லை.

கனடாவில் துணையை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. எனினும், அழைப்பவர் மூன்று வருடங்களுக்குத் துணையின் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. பொய்த் தகவல் வழங்கியது நிரூபணமானால் ஐந்து வருடத் தடை விதிக்கப்படும். விசாவுக்காக முகவர்கள் சோடிக்கும் போலித் திருமணங்களின் முடிவு பெரும்பாலும் இதுதான்.

பிரித்தானியாவின் நிலை வேறு. 2012 இல் 18,600 பவுணாக விதிக்கப்பட்ட வருடாந்த வருமான எல்லை, 2024 ஏப்ரல் 11 இல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. செல்பவருக்கு ஆரம்பநிலை ஆங்கில அறிவும் வேண்டும். ஜேர்மனி 2007 முதல் தனது மொழியில் அத்தகைய அறிவை, சில விலக்குகளோடு, எதிர்பார்க்கின்றது.

அங்கு சென்ற பெண்ணின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விசா பறிபோய்விடும் என்ற அச்சத்தினால் அடி உதையைச் சகித்துக்கொள்ளும் பெண்கள் உளர். புதிதாக மணமுடித்து வருவோர் இரண்டு வருடங்கள் துணையோடு வாழ வேண்டும் என்று 2012 இல் விதித்த நிபந்தனையை, இத்தகைய ஆபத்தைக் கருதியே கனடா 2017 இல் நீக்கியது. பிரித்தானியாவிலும் குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் துணைவர் தனித்து நிரந்தர வதிவிடம் கோர வழியுண்டு. இதனைப் பெண் விமானம் ஏறுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வெளிநாட்டுத் துணையோடு இங்கேயே வாழ விரும்புவோருக்கும் வழி இருக்கின்றது. இலங்கையரின் துணைவருக்குப் புதுப்பிக்கத்தக்க வதிவிட விசாவைக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் வழங்குகின்றது. தந்தை வழியாக மட்டும் கடத்தப்பட்டு வந்த பிரஜாவுரிமை, 2003 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் தாய் வழியாகவும் பிள்ளைக்குக் கிடைக்கின்றது.

எனவே, நாள் குறிப்பதற்கு முன்னர் மாப்பிள்ளையின் வதிவிட உரிமை எத்தகையது, அவர் முன்னர் எவரையேனும் மணந்து அழைத்தவரா, வருமானம் போதுமா என்பவற்றை ஆவணங்களோடு கேட்டறிய வேண்டும். அப்படிக் கேட்பது சம்பந்தி வீட்டாரை அவமதிப்பதாகாது. அது பெண்ணைப் பெற்றவரின் கடமையாகும்.