பாலைவன நகரில் நான்கு நாட்கள்

ஜோத்பூரிலிருந்து இரவு முழுவதும் ஓடிய புகையிரதம் விடியற்காலையில் ஜெசல்மேரை அடைந்தபோது, என் தலையணைமீது மெல்லிய மணற்படலம் ஒன்று படிந்திருந்தது. சாளரத்தை இறுக மூடிவிட்டே படுத்திருந்தேன். எவ்வழியாக நுழைந்ததோ தெரியவில்லை. எதிர் ஆசனத்தில் இருந்த முதியவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து உதறி மீண்டும் கட்டிக்கொண்டே, "எங்கள் ஊர் விருந்தாளியை எதிர்கொள்ளும் முறை இதுதான்" என்று இந்தியிற் சொல்லிச் சிரித்தார்.

தொல்காப்பியர் பாலைக்கென்று தனிநிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பின்வந்தோர் கொண்ட முடிபு. வகுப்பிலே இதனை எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். ஆனால் இராசத்தானத்தின் மேற்கு எல்லையில், ஆண்டொன்றுக்கு இருநூறு மில்லிமீற்றர் மழைதானும் பெய்யாத இந்நிலம் வேறெதிலிருந்தும் திரிந்ததாகத் தோன்றவில்லை. மக்கள் இதனை இடைக்காலத் துன்பமாகக் கருதாது, தங்கள் வீடாகவே கொண்டு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர்.

1156இல் பட்டி குலத்து இராசபுத்திர மன்னனான ராவல் ஜெசல் இங்குக் கோட்டை கட்டினான். கோட்டை நிற்கும் குன்றின் பெயர் திரிகூடம். அப்பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குக் குற்றாலத்து அருவி நினைவுக்கு வரும். இங்கோ அருவியும் இல்லை, சாரலும் இல்லை. ஏறத்தாழ 250 அடி உயரமான அக்குன்றின்மேல், தேன் நிறமான மணற்கல்லால் எழுந்த மதில்களும் 99 கொத்தளங்களும் காலை வெயிலில் மெல்ல நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுண்ணச்சாந்து இன்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தியே பெரும்பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். இந்தியாவின் பழைய கோட்டைகள் பலவற்றில் வௌவால்களும் காவற்காரருமே குடியிருக்க, இந்தக் கோட்டைக்குள்ளே இன்றும் சில ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். பசுக்கள் ஒதுங்கி வழிவிடும் சந்துகள், சமணக் கோயில்கள், கடைகள், பிள்ளைகள் பந்தடிக்கும் முற்றங்கள் என்று எல்லாம் மதிலுக்குள்ளேயே உள்ளன.

கோட்டைக்குள்ளே இருந்த விடுதி ஒன்றிலேயே நானும் தங்கினேன். முதல் நாள் வெக்கை தாளாமல் இருமுறை குளித்தேன். மாலையில் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தபோது விடுதிக்காரர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார்.

"மாஸ்டர்ஜி, என் பாட்டி கடீசர் ஏரியிலிருந்து தலையில் குடம் சுமந்து இந்தக் குன்றின்மேல் ஏறியவள். ஒரு குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரில் பாத்திரம் கழுவி, மிஞ்சியதை மாட்டுக்கு வைப்பாள். இப்போது குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிறது. போகத்தான் வழியில்லை."

அவர் சொன்னதன் பொருள் மறுநாள் மதிலின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தபோது விளங்கிற்று. மன்னர்கள் இக்கோட்டையைப் பகைவரின் படைக்கும் தீக்கும் அஞ்சிக் கட்டினார்களேயன்றித் தண்ணீருக்கு அஞ்சிக் கட்டவில்லை. குடத்தால் வந்த நீர் நிலத்தில் ஊறுவதற்கு மிஞ்சியதில்லை. குழாய் வந்தபின், உல்லாசப் பிரயாணிகளுக்கென விடுதிகள் பெருகியபின், பயன்படுத்திய நீர் வடிகால்களிலிருந்து கசிந்து குன்றின் களிமண் அடுக்குகளுள் இறங்கத் தொடங்கியது. களிமண் ஊறி நெகிழ, மேலிருந்த மதில் சரிந்தது. 1990களில் கொத்தளங்கள் சில இடிந்து வீழ்ந்தன. அரசியர் மாளிகையின் ஒரு பகுதியும் இடிந்தது. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2013இல் இராசத்தானத்தின் வேறு ஐந்து கோட்டைகளோடு இதுவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அப்பட்டம் கிடைத்ததும் பிரயாணிகளைத்தான் இன்னும் மிகுதியாக அழைத்து வருகிறது.

படையெடுப்புகளுக்கு ஈடுகொடுத்து நின்ற சுவரை என் குளியல் தண்ணீர் அரித்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே மூட்டை முடிச்சுகளோடு கோட்டைக்கு வெளியே வேறு விடுதிக்கு மாறினேன். விடுதிக்காரரின் பிழைப்பை எண்ணியபோது அதுவும் மனத்துக்கு இதமாக இருக்கவில்லை. அவரோ கோபிக்கவில்லை, கூலியாளை மறித்து, தாமே என் பெட்டியை வாயில்வரை சுமந்து வந்தார்.

கோட்டைக்குள் நான் முக்கியமாகக் காண விரும்பியது சமணரின் ஞான பண்டாரம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்னும் துறவி அமைத்த இந்நூல்நிலையம், சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் இருக்கிறது. வருவோர்க்குக் கண்ணாடிப் பேழைக்குள் சில ஏடுகளை மட்டுமே காட்டுகிறார்கள். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் எழுதிய பனையோலைகளும் இங்குள்ளன. நமது நாட்டில் ஓர் ஏடு முந்நூறு ஆண்டு தாங்கினால் அதிசயம். புழுங்கலும் செல்லும் விட்டுவைப்பதில்லை. இங்கோ வறண்ட காற்றே காவலாகி நின்றிருக்கிறது. இன்னொன்றும் எண்ணத் தக்கது: இம்மணலில் பனை வளர்வதில்லை. அகன்ற ஓலை தரும் தாளிப்பனை மலையாளக் கரைக்கும் இலங்கைக்கும் உரிய மரம். ஆதலால் தெற்கேயிருந்தே வணிகர் அவ்வோலைகளை வடக்கே கொண்டு சென்றிருத்தல் வேண்டும்.

1874இல் ஜோர்ஜ் பியூலர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், இளைஞரான எர்மன் யாக்கோபியுடன் இந்நிலவறைக்கு வந்தார். அங்கே ஓர் ஓலைச்சுவடியைக் கண்டு, இருவரும் தம் கையாலேயே படியெடுத்தனர். அதுவே காசுமீரப் புலவர் பில்கணர் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதம். பாரதிதாசனின் புரட்சிக்கவிக்கு மூலமான பில்கணீயக் கதையின் நாயகர் இந்தப் பில்கணரே. அடுத்த ஆண்டு பியூலர் அதனைப் பதிப்பித்தார்.

தமிழ் வரலாறு படிப்போர் இந்நிலவறைக்குப் பெரிதும் கடன்பட்டவர்கள். பில்கணர் பாடிய தலைவன் மேலைச் சாளுக்கியனான ஆறாம் விக்கிரமாதித்தன். வீரராசேந்திர சோழனின் மருமகன். மாமன் இறந்தபின் சோழநாட்டிற் கலகம் மூண்டதையும், விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சென்று சோழ இளவரசனை அரியணை ஏற்றியதையும், சிறிது காலத்துள் அவ்விளவரசன் கொலையுண்டதையும், வேங்கியின் தலைவன் அரியணையைக் கைப்பற்றியதையும் அந்நூல் கூறுகின்றது. அந்த வேங்கித் தலைவனே நம் முதலாங் குலோத்துங்கன். அவனுடைய மெய்க்கீர்த்திகள் அதிராசேந்திரனின் கொலையைப் பேசுவதில்லை. சோழர் குடும்பத்துள் நிகழ்ந்த அதனை, பகைவரின் அவைப்புலவர் எழுதிய ஏடு ஒன்று இந்தத் தார்ப் பாலைவனத்தின் அடியில் பாதுகாத்து வைத்திருந்தது.

1950இல் முனி புண்ணியவிசயர் இங்கு வந்து, மாதக்கணக்காகத் தங்கி ஏடுகளை ஒழுங்குபடுத்தினார். அவர் செய்த பணியைப் பற்றிக் காவலர் விளக்கிக்கொண்டிருந்தபோது, 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதனோடு சாம்பலான ஓலைச்சுவடிகளும் என் மனத்தை விட்டு அகலவில்லை. "உங்கள் ஊரிலும் இப்படிப் பண்டாரம் உண்டா?" என்று காவலர் கேட்டார். உண்டு என்பதா, இருந்தது என்பதா என்று தடுமாறினேன்.

மூன்றாம் நாள் வணிகரின் மாளிகைகளைப் பார்த்தேன். பட்வா குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய ஐந்து மாளிகைகளின் சிற்ப வேலைப்பாடு வியப்பூட்டுவது. ஆயினும் சற்று நேரத்தில் கண் களைத்து, செதுக்காத சுவர் ஒன்றை நாடுகிறது. நகருக்கு வெளியே உள்ள போர் நூதனசாலை 2015இல் திறந்தது. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நூற்றிருபது பேர் அளவிலான இந்தியப் படைப்பிரிவு பாகிஸ்தானின் தாங்கிப்படையை ஓர் இரவு முழுவதும் தடுத்து நின்ற கதையை அங்கே அறியலாம். தாங்கிகளின்மேல் ஏறிப் படம் பிடித்துக்கொள்வோரின் ஆரவாரத்தில் அதிக நேரம் நிற்க எனக்கு மனமில்லை.

மாலையில் படா பாக் சென்றேன். பட்டி மன்னர்களின் ஈமச்சின்னங்கள் அங்கே ஒரு மேட்டில் வரிசையாய் நிற்கின்றன. குடைபோற் கவிந்த இவற்றைச் சத்திரி என்பர். உள்ளே நிறுத்திய கற்பலகைகளில் மன்னன் குதிரைமேல் அமர்ந்திருக்க, அவனோடு தீப்புகுந்த மனைவியர் அருகே கைகூப்பி நிற்கின்றனர். சில பலகைகளில் ஒருத்தி, சிலவற்றிற் பலர். நம் நாட்டு நடுகற்களைப் படிப்பது போலக் குனிந்து எண்ணத் தொடங்கியவன், சில பலகைகளுக்குப்பின் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பின்னணியில் காற்றாலைகளின் வெண்ணிறக் கரங்கள் ஓயாது சுழன்றன.

வரிசையின் கடைசிச் சத்திரி முற்றுப்பெறவில்லை. அது மகாராவல் ஜவாகர் சிங்கினுடையது. 1914இல் பட்டமேறி 1949இல் இறந்தவர் அவர். அதற்குள் இந்தியா விடுதலை பெற்றுவிட்டது.

அவருடைய ஆட்சியில் இறந்த இன்னொருவரும் இந்நகரில் நினைவுக்குரியவர். சாகர்மல் கோபா என்பது அவர் பெயர். ஜெசல்மேரில் நடப்பது அரசாட்சியன்று, குண்டர் ஆட்சி என்று நூலெழுதி அச்சிட்டவர். 1941இல் ஊருக்குத் திரும்பியபோது கைதானார். ஐந்தாண்டு சிறையிற் கிடந்து துன்புற்று, 1946 ஏப்ரல் 4ஆம் நாள் தீக்காயங்களோடு இறந்தார். அவர் தமக்குத்தாமே தீயிட்டுக்கொண்டார் என்றனர் அதிகாரிகள். சிறைக்காவலரே எரித்தனர் என்பது ஊர்மக்களின் துணிபு.

கோட்டை வாயிலின் கீழே முச்சக்கர வண்டிகள் நிற்கும் சதுக்கத்துக்குக் கோபா சௌக் என்று பெயர். படா பாக்கிலிருந்து திரும்பி, அங்கே தேநீர் விற்ற பையனிடம், "கோபா யார், தம்பி?" என்று கேட்டேன். பாலைக் கொதிக்க விட்டபடியே, "எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். ராஜாவைப் பற்றி எழுதினார், எரித்துவிட்டார்கள்" என்றான். பிறகு மேற்குத் திசையைக் கைகாட்டி, "கால்வாய்க்கும் அவர் பெயர்தான்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பஞ்சாபிலிருந்து இமயத்து ஆறுகளின் நீரை இப்பாலைக்குக் கொண்டுவரும் இந்திரா காந்தி கால்வாயின் கிளை ஒன்று சாகர்மல் கோபா கிளை எனப்படுகின்றது. பையன் கொடுத்த தேநீரைப் பருகிவிட்டு, புகையிரதத்துக்கு நேரமாகிவிட்டதால் நிலையத்தை நோக்கி நடந்தேன்.