ஊசியைத் துரத்திய சட்டம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், தென்கோடியை ஒட்டி இருக்கிறது ஸ்காட் கவுன்டி. மொத்தமே சுமார் 24,000 பேர் வசிக்கும் கிராமப்புறம். அதற்குள் ஆஸ்டின் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். முந்தைய பத்தாண்டுகளில் இந்தக் கவுன்டியில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், 2014 நவம்பரிலிருந்து 2015 நவம்பருக்குள் ஆஸ்டினை மையமாகக் கொண்டு பரவிய தொற்று 181 பேரைப் பிடித்துக்கொண்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றும் இருந்தது.

போலீஸ் கைதுகளும் சிறையும் அங்கே குறைவில்லாமல் இருந்தன. அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது? போதை ஒழிப்பு பற்றிப் பேசும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு மாத்திரை, பல கைகள்

எல்லாவற்றுக்கும் மூலம் 'ஓப்பனா' என்ற வலி நிவாரணி மாத்திரை. டாக்டர் சீட்டில் கிடைக்க வேண்டியது, கள்ளச்சந்தையில் புழங்கியது. பொடித்து மூக்கில் உறிஞ்சுகிறார்கள் என்பதால், எளிதில் பொடியாக்க முடியாதபடி 2012-ல் தயாரிப்பு நிறுவனம் மாத்திரையை மாற்றியது. போதைக்கு அடிமையானவர்கள் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

விபரீதம் அங்கேதான். கரைசல் கொழகொழப்பாக இருக்கும். தண்ணீர் அதிகம் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கான போதையையே பல ஊசிகளாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தெருவில் ஒரு மாத்திரையின் விலை நூறு டாலருக்கும் மேல் என்பதால், சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டார்கள். ஒரே ஊசி கைமாறியது. ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல் குத்திக்கொண்டவர்களும் உண்டு. சில வீடுகளில் பாட்டி, மகள், பேரன் என மூன்று தலைமுறையும் சேர்ந்தே ஊசி போட்டுக்கொண்டது.

புது ஊசி ஏன் வாங்கவில்லை? போதைக்காக ஊசி வைத்திருப்பது இந்தியானாவில் சிறைக்கு அனுப்பக்கூடிய பெருங்குற்றம். சோதனையில் சிக்கினால் ஊசியே சாட்சி. ஆகவே இருக்கிற ஒன்றையே ஒளித்துவைத்து, முனை மழுங்கும்வரை பயன்படுத்தினார்கள். போதாக்குறைக்கு, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த உள்ளூர் கிளினிக்கும் 2013-லேயே மூடப்பட்டிருந்தது. ஆஸ்டினில் இருந்த டாக்டர், வில்லியம் குக் ஒருவர்தான்.

மனம் மாறிய ஆளுநர்

பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி தரும் திட்டம் தொற்றைத் தடுக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆனால் இந்தியானாவில் அப்போது அதற்கு அனுமதி இல்லை. ஆளுநராக இருந்த மைக் பென்ஸுக்கும் கொள்கை அளவில் அதில் உடன்பாடில்லை. தொற்று கைமீறிப் போனபோது, கவுன்டி ஷெரீப் டான் மெக்கிளெயினிடம் அவர் தொலைபேசியில் கருத்து கேட்டார். ஷெரீப், திட்டம் வேண்டும் என்றார். ஊசி வைத்திருந்தவர்களைக் கைதுசெய்யும் படையின் தலைவரே அப்படிச் சொன்னது சாதாரண விஷயமல்ல. 2015 மார்ச் 26 அன்று பென்ஸ் அவசரநிலை அறிவித்து, தற்காலிக அனுமதி வழங்கினார். அடுத்த சில வாரங்களில் சட்டமும் வந்தது. ஆனால் ஊசி வாங்க மாநிலப் பணம் ஒரு காசுகூடக் கிடையாது.

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அட்டை வழங்கினார்கள். அட்டை இருந்தால் ஊசிக்காக வழக்கில்லை. இல்லாதவர் மீது வழக்கு தொடர்ந்தது. ஊசி வாங்க வந்தவருக்கு அங்கேயே ரத்தப் பரிசோதனை, காப்பீடு, அடையாளச் சான்று, சிகிச்சைக்கான வழி எல்லாம் கிடைத்தன. போலீஸைக் கண்டாலே ஓடியவர்கள், தாங்களாகவே வந்து நின்றார்கள். புதுத் தொற்று மளமளவெனக் குறைந்தது. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டதால், ஓப்பனாவும் சந்தையிலிருந்து விலகியது.

2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 2013-லேயே நடவடிக்கை எடுத்திருந்தால் தொற்று 56 பேரைத் தாண்டியிருக்காது. 2011-லேயே எடுத்திருந்தால் பத்துப் பேரோடு நின்றிருக்கும். ஹெபடைட்டிஸ் சி பரவல் அப்போதே எச்சரித்திருந்தது. கேட்க ஆளில்லை.

மீண்டும் பழைய பாதை

2021 ஜூனில், கவுன்டி ஆணையர்கள் மூவரில் இருவர் வாக்களித்துத் திட்டத்தை முடித்துவைத்தார்கள். ஊசியைக் கொடுப்பது அளவுமீறிய போதையால் சாக வழிவிடுவதாகும் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலை பொய்யல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே நிறைய. ஆனால் முன்பு ஊசியைப் பறித்த காலத்தில் போதை குறையவில்லை, நோய்தான் பெருகியது. திட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடியவர்களில், தொற்றுக் காலத்தில் மாநில சுகாதார ஆணையராக இருந்து, பின்னர் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான ஜெரோம் ஆடம்ஸும் ஒருவர்.

மாத்திரையைக் கடத்தி விற்பவரை விடாமல் துரத்துவது போலீஸின் கடமை. அதில் தயவு தாட்சண்யம் வேண்டியதில்லை. விற்பவருக்கும் விழுந்துகிடப்பவருக்கும் ஒரே சட்டத்தை நீட்டினால், விழுந்தவர் இன்னும் ஆழத்தில் ஒளிந்துகொள்வார். அவரோடு நோயும் ஒளிந்துகொள்ளும். சிகிச்சைக்கு வருகிறவர் கைதுக்குப் பயப்படாமல் வர வேண்டும். அதற்குச் சட்டம் வழிவிட்டால், உயிர்கள் பிழைக்கும். ஸ்காட் கவுன்டி அதைத் தன் மக்களின் ரத்தத்தால் கற்றுக்கொண்டது. மற்ற ஊர்களும் அதே விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.