தோட்டத்துக்குள் நுழைந்த பாட்டு

பாட்டைத் தாமே எழுதி, தாமே பாடி, கிட்டாரும் மௌத்தார்கனும் மேளமும் ஆகிய பல வாத்தியங்களையும் தாமே வாசித்து, எந்தக் கம்பெனியின் தயவையும் நாடாமல் தம் இசையைத் தாமே வெளியிடும் தனிக்கலைஞரைப் பற்றி இந்நாளில் பலர் வியந்து பேசுகின்றனர். வியப்புக்குரியதுதான், ஆயினும் முற்றிலும் புதியதன்று. இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களின் நடுவேயுள்ள அட்டன் நகரை நிலைக்களமாகக் கொண்டு, 1930களிலும் அதனையொட்டிய ஆண்டுகளிலும் ஓர் அம்மையார் ஏறக்குறைய இதே பணியைச் செய்தார். அவர் பெயர் மீனாட்சி அம்மை. பாட்டுக்களை அவரே இயற்றினார். கூட்ட மேடைகளில் அவரே பாடினார். சிறு நூலாக அச்சிட்டும் வெளியிட்டார். வாத்தியம் என்று சொல்ல அவரிடம் குரல் ஒன்றே இருந்தது. மெட்டுக்கள் ஊரார் அறிந்தவை.

அவருடைய கணவர் கோ. நடேசய்யர். தஞ்சைத் தரணியிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு தொழிற்சங்கத்தை நிறுவினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். இத்தகைய ஒருவருக்கும்கூடத் தோட்டத்துக்குள் தாராளமாகச் சென்றுவர வழியில்லை என்றால் இன்றைய இளைஞர் நம்பத் தயங்குவர். தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். துரையின் அனுமதியின்றி அதில் அடிவைப்பது அத்துமீறல் என்னும் குற்றம். நடேசய்யர் புடைவை வியாபாரியைப் போல் வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்துவந்தார் என்பது மலைநாட்டில் எல்லாரும் அறிந்த செய்தி.

தோட்டத்துக்குள் நாளின் தொடக்கமே ஓர் இசைக்கருவியின் ஒலிதான். விடியுமுன் தப்பு முழங்கும். லயத்தில் உறங்கிக் கிடந்தவர் எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கே பெயர் கூப்பிட்டு, இன்ன மலையில் கொழுந்து, இன்ன மலையில் கவ்வாத்து என்று பிரித்து அனுப்புவர். அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் அடிக்கப்பட்டது. சாவு வீட்டிலும் அடிக்கப்பட்டது. அடி மாறினால் பொருள் மாறும். எழுத்தறியாத அந்தச் சமுதாயம் செவியால் நுட்பமாகப் படிக்கக் கற்றிருந்தது. காதுக்கு வரும் செய்தியை அது ஒருபோதும் தவறவிட்டதில்லை.

மீனாட்சி அம்மை பற்றிக்கொண்டது இந்தச் செவியைத்தான். துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பிடுங்கிக் கிழித்துவிடலாம். பேச்சாளரைக் காவற்காரன் எல்லையிலேயே நிறுத்திவிடலாம். சம்பளத்துக்கு மறுநாள் கடைவீதிக்கு வந்த ஒரு பெண் கூட்டத்தில் கேட்ட பாட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு மலையேறினால், அவளை எந்தச் சட்டத்தின் கீழ்த் தடுப்பது? கொழுந்துக் கூடையைச் சோதனையிடலாம். நாவைச் சோதனையிட முடியாதே.

இதற்குத் தெரிந்த மெட்டு இன்றியமையாதது. காரணத்தைச் சற்று விளக்கலாம். புதிய மெட்டில் புதிய பாட்டு ஒன்றைக் கேட்பவர் இரண்டு பாடங்களை ஒருங்கே கற்க வேண்டியவராகிறார். நாடகக் கம்பெனியார் பாடியதோ, இசைத்தட்டில் வந்ததோ, 1931க்குப் பின் பேசும்படங்களில் ஒலித்ததோ, கும்மியில் வழிவழியாக வந்ததோ ஆகிய மெட்டொன்று முன்பே மனத்தில் குடியிருக்குமானால், சொற்கள் மட்டும் அதில் வந்து அமர்ந்தால் போதும். மேலும், அடி இத்தனை நீளம், மூச்சு இங்கே நிற்க வேண்டும், எதுகை இங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் மெட்டே வரையறுத்து விடுகிறது. ஒரு சொல் மறந்துபோனாலும், அந்த இடத்தின் வடிவம் மறந்த சொல்லை நினைவுக்கு இழுத்துவரும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால், ஒருவர் பாடப் பலர் பின்பாடுவது எளிது. கும்மியும் சிந்தும் இதற்கு மிகவும் ஏற்றவை. கைதட்டே தாளமாகும், பக்கவாத்தியம் வேண்டியதில்லை. அக்காலப் பாட்டுச் சிறுநூல்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று குறித்தார்களே, அஃது இந்தக் கருத்தினாலேதான். சுரக்குறிப்பு எழுதத் தெரியாதவருக்கும் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த ஒரு வரியே சுரக்குறிப்பு.

1939ஆம் ஆண்டு இலங்கைவாழ் இந்தியருக்குச் சோதனைக் காலம். அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையினின்று விலக்கத் தொடங்கினர். ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்து பேசிப் பார்த்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்டு முதல் தேதியன்று, உடலுழைப்புத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து வெளியேறுவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. மறு ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அதே 1940இல் வெளிவந்தது மீனாட்சி அம்மையின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டு நூல். தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை ஒன்றின் பெயர்போல் இருக்கும். உள்ளே இருப்பவையோ பாட்டுக்கள். வரவிருக்கும் ஆபத்தை மக்களுக்குப் பாட்டின் மூலமாக எடுத்துரைத்து அவர்களை விழிப்படையச் செய்வதே அதன் நோக்கம். தொழிலாளரைக் காக்கும் சட்டம் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதனால் மட்டும் பயன் விளையாது, ஒன்றுகூடி நிற்பதே பலம் என்ற கருத்தை அவர் பாட்டில் வைத்தார். சட்டசபையில் நடேசய்யர் மணிக்கணக்காக வாதாடியதும் இதற்காகவே. பாட்டுக்கு நான்கு அடிகள் போதுமாயின.

இவற்றில் யாப்புக் குறை காண்போர் உளர். அவசரத்தில் பிறந்த பாட்டுக்கள் ஆதலின் சீர் சில இடங்களில் தளர்ந்திருக்கும், அலங்காரம் குறைவு. தந்தியைப் படித்துவிட்டு அதில் அணிநலம் இல்லையே என்று வருந்துவது எவ்வளவு பொருத்தமோ அவ்வளவே இக்குறையும் பொருத்தம்.

ஏறத்தாழ இதே முறையைக் கடல்கடந்த அமெரிக்காவிலும் ஒருவர் கையாண்டார். சுவீடன் நாட்டில் 1879இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜோ ஹில் என்னும் தொழிலாளி, பியானோ, பிடில், கிட்டார் எனப் பல வாத்தியங்கள் வாசிக்க வல்லவர். தெருமுனையில் தேவாலயப் பிரசாரகர் பாடிய கீர்த்தனை மெட்டுக்களையே எடுத்து, கூலிக்காரரின் குறைகளை அவற்றில் ஏற்றிப் பாடினார். துண்டுப் பிரசுரத்தை ஒருமுறைக்கு மேல் எவரும் படியார், பாட்டோ மனப்பாடமாகிவிடும் என்பது அவர் கருத்து. கொலைக்குற்றம் சாட்டப்பெற்று 1915இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தீர்ப்பு நேர்மையானதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஜோ ஹில்லின் பாட்டுக்களை அவருடைய சங்கத்தார் சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகமாகத் திரும்பத் திரும்பப் பதிப்பித்தனர். அந்த வாய்ப்பு மீனாட்சி அம்மைக்குக் கிட்டவில்லை. 1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பிறகு தலைமைகளும் மாறின, பாட்டுக்களும் மாறின.

மலைநாட்டின் மற்றொரு பாட்டுச் செல்வத்துக்கு நல்ல காலம் வாய்த்தது. பூண்டுலோயாவுக்கு அருகில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 முதல் 1952 வரை தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்; ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு என இயற்றியவர் பெயர் தெரியாமல் வாய்வழி வந்தவற்றைத் தேடிச் சேர்த்தார். அத்தொகுதி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் பெயரில் 1983இல் நூலாயிற்று. மறு ஆண்டு அவர் காலமானார். வாய்மொழிப் பாட்டில் நடந்த துன்பம் நினைக்கப்படுகிறது. மீனாட்சி அம்மையின் பாட்டிலோ நாளை செய்ய வேண்டியது கேட்கப்படுகிறது. முன்னதை ஆராய்ச்சியாளர் விரும்பித் தொகுத்தனர். பின்னதைப் பிரசாரம் என்று நெடுங்காலம் ஒதுக்கினர். சாரல்நாடன் போன்றோர் 1980களில் நடேசய்யரின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய பின்னரே அம்மையாரின் பெயரும் வெளிச்சத்துக்கு வந்தது.

நூலில் சொற்கள் உள்ளன. ஆனால், தலைப்பில் குறித்த மெட்டை அறிந்தவர் பாடிக் காட்டினாலன்றி அவை பாட்டாகா. 1930களின் நாடக மெட்டுக்களையும் பேசும்பட மெட்டுக்களையும் இன்று பழைய இசைத்தட்டுக்களிற் தேட வேண்டும். சில கிடைக்கும், கும்மி மெட்டுக்களுக்கோ இசைத்தட்டும் இல்லை. அவற்றைக் கேட்க வேண்டுமானால் அட்டன், பூண்டுலோயாப் பக்கத்து லயங்களில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டியரிடம்தான் போக வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியையும் கையில் கொண்டு, சற்று விரைவாகவே போக வேண்டும்.