எட்டு வருட முற்றுகையைத் தாங்கிய செஞ்சிக் கோட்டை… எப்படி?

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தினமும் தீர்த்தம் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி, வந்தவாசி வழியாகத் தெற்கே போனால், தண்ணீரைச் சேர்த்து வைத்தே எதிரியைச் சமாளித்த ஒரு மலைக்கோட்டையைப் பார்க்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அதுதான் செஞ்சி!

மூன்று மலை, ஒரே கோட்டை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றிப் பலப்படுத்தினார். பிறகு ராய்கட்டை முகலாயர்கள் சூழ்ந்தபோது, தப்பி வந்த அவர் மகன் ராஜாராம் செஞ்சியையே தலைநகராக்கிக்கொண்டார்.

விடுவாரா ஔரங்கசீப்? 1690-இல் தளபதி சுல்பிகர் கானை அனுப்பினார். கோட்டை விழுந்ததோ 1698-இல்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

தண்ணீரும் நெல்லும்

மராத்தியப் படைகள் வெளியிலிருந்தும் முகலாயர்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. ஆனால், உள்ளே இருந்தவர்கள் பிழைத்திருக்க மதில் மட்டும் போதுமா? ராஜகிரி மலை மேலேயே நல்ல தண்ணீர் கிடைத்தது. கீழே மழைநீரைத் தேக்கக் குளங்கள் இருந்தன. கல்யாண மகாலுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. நெல் சேர்த்து வைக்கப் பிரம்மாண்டமான களஞ்சியங்களும் உண்டு. அவற்றை இன்றும் பார்க்கலாம்.

இத்தனை இருந்தும், காவல் தளர்ந்தால் பயனில்லை. 1750-இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் இதே கோட்டையைப் பிடித்துவிட்டது! 1761-இல் ஆங்கிலேயர் வசமானது. இடையில் 1714-இல், ஆற்காடு நவாபை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்ட தேசிங்கு ராஜாவைத்தான் நம் கிராமங்கள் இன்றும் கதையாகப் பாடுகின்றன.

யார் எங்கே போகலாம்?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மலைக்கோட்டைக்கு 1892 முதலே மலை ரயில் ஓடுகிறது. செஞ்சியில் படிகள்தான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே கல்யாண மகால், களஞ்சியம், யானைக் குளம் எனப் பொறுமையாகச் சுற்றலாம். பிள்ளைகளும் இளைஞர்களும் காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். மாலையில் மலையேற விடமாட்டார்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஆழமான பிளவு ஒன்று வரும். அதைக் கடக்கச் சின்னப் பாலம் உண்டு. அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், களஞ்சியம்… சுற்றிலும் வயலும் ஏரியும்!

கவனிக்க வேண்டியது

2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. மேலே கடைகள் கிடையாது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிவிடும்.

முக்கியமாக, காலி பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு படையையே பிழைக்க வைத்த குளங்களில் பிளாஸ்டிக் மிதக்கலாமா?